பாலத்துக்கு எந்தப் பக்கம்?

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வது ஒரு வியாதி. எனக்கு அது சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் "மணி பத்து இருக்குமா?" என்று கேட்டால் மற்றவர்கள் "இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போவார்கள். நான் வாட்சைப் பார்த்து, அது கொஞ்சம் முன்னால் ஓடுவதையும் கழித்துக்கொண்டு சொல்வேன். கணக்கு டீச்சர் ஆனபிறகு வியாதி முற்றிவிட்டது. விடை மட்டும் எழுதினால் போதாது, அது எப்படி வந்தது என்று படிப்படியாக எழுத வேண்டும் என்று பிள்ளைகளின் உயிரை எடுப்பவள் நான். இந்த வியாதியை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் இருக்கலாம், கோயிலுக்குப் போகலாம். போலீஸ் ஸ்டேஷனுக்கு மட்டும் போகக் கூடாது.

நான் போனேன். அதுவும் என் தங்கை சுமதிக்குக் கல்யாணம் கூடி வந்த நேரத்தில்.

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கம். நான் வேலை பார்ப்பது லால்குடியில். தினமும் திருவானைக்காவலில் பஸ் ஏறிக் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். அப்பா இல்லாததால் சுமதியின் கல்யாணப் பேச்சு என் தலையில் விழுந்திருந்தது. தென்னூரில் ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா சண்முகம், துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்த அன்று அவர் மொத்தமாகப் பேசியது "காபி நல்லாருக்கு" என்பது மட்டும்தான். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. "சுமதி கல்யாணம்" என்று நானே வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்து இரண்டு வீட்டாரையும் சேர்த்திருந்தேன். அதில் அவர் எதற்கும் ஒரு கும்பிடு பொம்மை போடுவார். நானும் பதிலுக்குக் கும்பிடுவேன். எங்கள் உறவு அவ்வளவு மரியாதையாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்குக் கொள்ளிடத்தில் தண்ணீர். வருஷத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கிற ஆறு, முக்கொம்பில் உபரி நீரைத் திறந்துவிட்டால் மட்டும் கரை தொட்டு ஓடும். பாலத்தில் ஆட்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஊர்ந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் சித்தியின் நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். ஹாய் என்று ஆரம்பித்து, தனக்கு வர வேண்டிய ஆறு இலக்க எண் ஒன்று தவறுதலாக என் போனுக்கு வந்துவிட்டது, அதை உடனே அனுப்பவும் என்று சொன்னது. (சித்தி ஜென்மத்தில் யாருக்கும் ஹாய் சொன்னவள் இல்லை. "எங்கடி தொலைஞ்ச?" என்றுதான் ஆரம்பிப்பாள். அது அப்போது உறைத்திருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்!)

நம்பர் வந்திருந்தது. கணக்கு டீச்சர் இல்லையா, ஒரு இலக்கம் மாறினாலும் சித்திக்குச் சிரமமாகிவிடுமே என்று மூன்று தடவை சரிபார்த்து அனுப்பினேன். பஸ் பாலத்தை விட்டு இறங்குவதற்குள் என் வாட்ஸ்அப் என்னை வெளியே தள்ளிவிட்டது. டவர் பிரச்சினையாக்கும் என்று போனைப் பையில் போட்டுவிட்டேன்.

மதியம் ஸ்டாஃப் ரூமில் அறிவியல் டீச்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, எதற்காக அவரை ப்ரோ என்று கூப்பிடுகிறேன் என்று கேட்டார். அவர் காட்டிய போனில் என் படம், என் பெயர், கீழே: "ப்ரோ, அர்ஜென்ட். கொஞ்சம் பணம் அனுப்புங்க. நாளைக்குத் தந்துடறேன்." சித்தி பெயரில் நம்பர் கேட்டவன் என் வாட்ஸ்அப்பையே பிடித்துக்கொண்டுவிட்டான். தெரிந்தவர்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு எச்சரித்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் பணம் அனுப்பவில்லை. (கேட்டவுடன் பணம் கொடுக்கிற பழக்கம் எங்கள் சொந்தத்தில் யாருக்கும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.) சண்முகம் மட்டும் போனை எடுக்கவே இல்லை. எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை.

ஏன் என்று சாயங்காலம் தெரிந்தது. இந்த வரனைக் கொண்டுவந்த ராஜி அத்தை கூப்பிட்டார்.

"தென்னூர்க்காரங்க நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாம்ங்கறாங்கம்மா. பொண்ணோட அக்கா மாப்பிள்ளை அப்பாகிட்ட பணம் கேட்டுச்சாமே. பாவம், அவரும் குடுத்துட்டாரு. மறுபடியும் கேட்டுச்சாம். அதுவும் ப்ரோன்னு."

அது நான் இல்லை, எவனோ திருட்டுப் பயல் என்று அலறினேன். மூன்றாவது தடவையும் பணம் கேட்கத்தான் கூப்பிடுகிறேன் என்று பயந்து அவர் போனை எடுக்கவில்லையாம். இப்போதெல்லாம் பணம் கேட்டு மாட்டிக்கொண்ட எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று அத்தை இழுத்தார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். போலீஸில் எழுதிக் கொடுத்து, புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஒரு ரசீது தருவார்களாமே, அதை வாங்கி வந்து காட்டினால் மிச்சத்தை அவர் பேசிக்கொள்வாராம்.

சுமதிக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. நிச்சயத்துக்குத் தைக்கக் கொடுக்க எடுத்து வைத்திருந்த ஜாக்கெட் துணியை மடித்துப் பீரோவில் உள்ளே வைத்துவிட்டு, "விடுக்கா, பாத்துக்கலாம்" என்றாள். ரசீதோடுதான் இனி இந்த வீட்டுக்குள் நுழைவது என்று அப்போதே எனக்குள் ஆவேசம் வந்துவிட்டது. நல்லவேளை, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரொம்ப நாள் வெளியிலேயே படுத்திருக்க வேண்டியிருக்கும்.

முதலில் அரசாங்க உதவி எண்ணைக் கூப்பிட்டேன். மிகவும் மரியாதையான குரல். எவ்வளவு பணம் போயிற்று என்று கேட்டது. என் பணம் போகவில்லை, பெயர்தான் போயிற்று என்றேன். பெயர் போனதற்கு இங்கே பதிய முடியாது, பணம் போனவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், நீங்கள் இணையதளத்தில் பதியுங்கள் என்றது. பணம் போனவர் என் போனையே எடுக்காததுதானே பிரச்சினை! சரி என்று இணையதளத்துக்குப் போனால், உள்ளே விட என் போனுக்கு ஒரு ஆறு இலக்க எண் அனுப்பினார்கள். அதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கடைசியில் என் கணவர் ரவிதான் போனைப் பிடுங்கி அந்த எண்ணைப் போட்டார். எல்லாவற்றையும் நிரப்பி முடித்ததும், உங்கள் புகார் உரிய அமைப்புக்கு அனுப்பப்படும் என்று வந்தது. உரிய அமைப்பு எது என்று அது சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் வேலையை எனக்கே விட்டிருந்தார்கள் போல.

மறுநாள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன். சுவரில் பெரிய போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். இணையக் குற்றத்தை அனைவரும் சேர்ந்து ஒழிப்போம் என்று எழுதி, கீழே ஐந்தாறு கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிற படம். அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த ரைட்டர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டு உச்சுக் கொட்டினார். பேனாவைத் திறந்து காகிதத்தில் வைத்தும்விட்டார். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நம்பரை அனுப்புனீங்களே, எங்க வச்சு அனுப்புனீங்க?"

"வீட்டில்" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும் என்று ரவி இன்றுவரை சொல்கிறார். நான் என்ன சொன்னேன்?

"பஸ்ல சார். கொள்ளிடம் பாலத்துல."

ரைட்டர் பேனாவை மூடினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பாலத்துக்கு நடுவில்தான் எல்லை, இந்தப் பாதி மாநகரப் போலீஸ், அந்தப் பாதி மாவட்டப் போலீஸ் என்று பொறுமையாக விளக்கினார். பஸ் பாலத்தில் பாதிக்கு மேல் போயிருந்ததா என்று கேட்டார். போயிருந்த மாதிரிதான் ஞாபகம் என்றேன். அப்படியானால் அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கம் போனேன். அங்கேயும் அதே போஸ்டர், அதே கைகள். நீங்கள் குடியிருப்பது ஸ்ரீரங்கம், மாநகரம் என்றார்கள். ஆனால் சம்பவம் உங்கள் பாதியில் நடந்தது என்றேன். பாதிக்கு மேல் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். மேலும் சிம் கார்டு யார் பெயரில் இருக்கிறது என்றார்கள். உண்மையைச் சொன்னேன், ரவி பெயரில். அப்படியானால் அவர்தான் வர வேண்டும், அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டார்கள். தஞ்சாவூரில் என்றதும் அந்த அதிகாரியின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இன்னொரு மாவட்டமும் உள்ளே வந்துவிட்டதல்லவா!

குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரை எந்த ஸ்டேஷனிலும் முதலில் வாங்கிக்கொண்டாக வேண்டும், எல்லை பார்த்து அனுப்பி வைப்பது அவர்கள் வேலை, நம் வேலை இல்லை என்று ஒரு வக்கீல் பிற்பாடு சொன்னார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சட்டத்தில் இருப்பதை வக்கீல் வந்து சொன்னால்தான் கிடைக்குமா? இடுப்பில் குழந்தையோடு வருகிறவள், எழுதப் படிக்கத் தெரியாதவர், வயசானவர் எல்லாம் பாலத்தில் எத்தனை தடவை நடக்க வேண்டும்?

அப்போது எனக்குச் சட்டம் தெரியாது. கணக்குதான் தெரியும். ஆதாரம்தானே கேட்டார்கள் என்று மறுபடியும் அதே பஸ்ஸில் ஏறினேன். பஸ் பாலத்தில் ஏறுகிற இடம், சித்தியின் மெசேஜ் வந்த இடம், நான் அனுப்பிய இடம் எல்லாவற்றையும் விளக்குக் கம்பங்களை வைத்துக் குறித்தேன். கண்டக்டர் முதலில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், அன்றைக்குத் தண்ணீர் பார்க்கிற கூட்டத்தால் பஸ் நடுப்பாலத்தில் நின்றதை அவரே ஞாபகப்படுத்தினார். வீட்டுக்கு வந்து கிராஃப் பேப்பரில் பென்சிலால் பாலத்தை வரைந்து, பஸ்ஸை அம்புக்குறி போட்டு, எல்லைக்குச் சிவப்புக் கோடு இழுத்தேன். சுமதி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ரவி தலையில் கையை வைத்துக்கொண்டார். (என் மாணவர்களாக இருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன், அவ்வளவு சுத்தமான படம்.)

அந்தப் படத்தோடு மீண்டும் இந்தப் பக்க ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். இதில் பாலம் எது, ஆறு எது என்று கேட்டார். விளக்கினேன். நம்பர் என் போனுக்கு வந்தபோது பஸ் உங்கள் எல்லையில் இருந்தது, நான் அதை மூன்று தடவை சரிபார்த்து முடிப்பதற்குள் பஸ் கோட்டைத் தாண்டிவிட்டது, அதனால் அனுப்பியது அவர்கள் எல்லையில் என்று ஒவ்வொரு படியாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அப்படியென்றால் இது இரண்டு பேருக்கும் பொதுவான கேஸ், இரண்டு பேருக்கும் பொதுவென்றால் தனிப் பிரிவுதான் பார்க்க வேண்டும், சைபர் பிரிவுக்குப் போங்கள் என்றார். ஒரு கணக்கை அவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டு, விடையாக நானே என்னை வெளியே அனுப்பிக்கொண்டதை நினைத்தால் எதில் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

வழியில் போன் கம்பெனிக் கடையில் கேட்டேன். சிம் மட்டும்தான் அவர்கள் பொறுப்பு, வாட்ஸ்அப் இல்லையாம். அறிவியல் டீச்சருக்கு வந்த மெசேஜில் இருந்த கணக்கின் பேங்கில் கேட்டேன். நான் அங்கே கணக்கு வைத்திருப்பவள் இல்லையாம். சைபர் பிரிவில், பணம் போனவர்தான் புகார் கொடுக்க வேண்டும், அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் வாசல் மேஜைக்காரர். கூடவே, மெசேஜ் என் நம்பரிலிருந்து போயிருப்பதால் முறையாகப் பார்த்தால் முதலில் விசாரிக்கப்பட வேண்டியவள் நான்தான் என்பதையும் சாதாரணமாகச் சொல்லி வைத்தார். அதாவது ரசீது வாங்கப் போன இடத்தில் நானே திருடியாகிவிட்டேன்.

கால் ஓய்ந்து அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். மறுகோடியில் பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். திரும்பினார். சண்முகம்.

என்னைப் பார்த்ததும் அவர் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அம்மா, சத்தியமா என்கிட்ட இனிமே இல்லம்மா" என்றார்.

பணம் கேட்டுப் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் துரத்தி வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்! பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. கிராஃப் பேப்பரை அவர் முன்னால் விரித்து, பாலம், பஸ், சித்தி, சிவப்புக் கோடு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார். பிறகு மெதுவாகத் தன் கதையைச் சொன்னார். பணம் போன கணக்கு வேறு யாரோ ஒரு ஆண் பெயரில் இருந்தது மறுநாள்தான் அவருக்குப் பொறிதட்டியதாம். ஆனாலும் கேட்டது நானா திருடனா என்று நிச்சயமில்லாமல், என்னைக் கூப்பிடவும் பயமாக இருந்ததாம். பேங்கில் கேட்டால் போலீஸ், போலீஸில் கேட்டால் பேங்க் என்று அவரும் சுற்றியிருக்கிறார். ஒவ்வொரு இடத்திலும் அவரிடம் சொன்னது, "உங்களுக்கு மெசேஜ் அனுப்புன அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

என்னை அவரைக் கூட்டி வரச் சொன்னார்கள். அவரை என்னைக் கூட்டி வரச் சொன்னார்கள். இத்தனை ஆபீஸ், இத்தனை மேஜை, இத்தனை கம்ப்யூட்டர். அவற்றுக்குள் இந்த இரண்டு பெயரையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் இல்லை. எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் கிளம்பிவிட்டது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் எழுந்து நின்று பேசினேன்.

"அந்தத் திருடன் ஒரே நாள்ல எங்க சித்தி வீட்டுக்குள்ள போனான், என் போனுக்குள்ள போனான், தென்னூர்ல இவர் பையில கை வச்சான். அவன் யாரையும் நீங்க எந்த எல்லைன்னு கேக்கல. நீங்க மட்டும் ஏன் சார் கேக்கறீங்க?"

உள்ளே இருந்த பெண் இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். நான் பயந்துதான் போனேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவரே கம்ப்யூட்டரில் விவரங்களைப் போட ஆரம்பித்தார். சம்பவ இடம் என்று கேட்டதும் என் கை தானாகக் கிராஃப் பேப்பரை நோக்கிப் போனது. சண்முகம் அதன்மேல் தன் கவரை வைத்து அழுத்தினார்.

"தென்னூர், என் வீடுன்னு போடுங்கம்மா. பணம் அங்கேருந்துதான் போச்சு."

"ஆனா நம்பரு..." என்று ஆரம்பித்தேன்.

"டீச்சர், கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் சண்முகம். கிராஃப் பேப்பரை மடித்துப் பையில் வைத்தேன்.

பிறகு இன்ஸ்பெக்டர், உடன் வந்திருக்கும் நான் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். சுமதி பீரோவுக்குள் வைத்த துணி ஞாபகத்துக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சண்முகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என் மருமகளோட அக்கா" என்றார்.

இன்ஸ்பெக்டர் அப்படியே தட்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ரசீதை வாங்கும்போது யாருக்கு எதற்குக் கும்பிடு போடுகிறேன் என்றே தெரியாமல் அங்கிருந்த எல்லோருக்கும் போட்டேன், அங்கேயும் ஒட்டியிருந்த அந்தப் போஸ்டரின் கைகள் உட்பட.

நிச்சயமும் கல்யாணமும் நன்றாக நடந்தன. திருடன் அகப்படவில்லை. பணம் ஏதோ ஒரு மாநிலத்தில் ஏதோ ஒரு கணக்கில் முடக்கப்பட்டிருப்பதாக ஒரு கடிதம் வந்தது, அதை விடுவிக்கும் அதிகாரம் வேறொரு அமைப்புக்கு என்று சொல்லி. எங்கள் வீட்டில் அதிலிருந்து யாரிடமாவது ஒரு வேலை சொன்னால், "பாலத்துக்கு எந்தப் பக்கம்?" என்றுதான் பதில் வரும். பால் பொங்கி வழிந்தால் "அது மாவட்டம்" என்று சொல்லிவிட்டு ரவி பேப்பர் படிப்பார். சம்பந்தி சண்முகம் அன்றிலிருந்து என்னை ப்ரோ என்றுதான் கூப்பிடுகிறார். சுமதியின் சீமந்தத்தில் அத்தனை பேர் நடுவில், "ப்ரோ, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். சுமதியின் பெண்ணுக்கு நான் ப்ரோ பெரியம்மா.

போன மாசம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கொள்ளிடத்தில் மறுபடியும் தண்ணீர். சம்பந்தியின் நம்பரிலிருந்து மெசேஜ் வந்தது: "ப்ரோ, அர்ஜென்ட். கொஞ்சம் பணம் அனுப்புங்க." எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மனிதர் பழசைக் கிளறி விளையாடுகிறார் என்று, அவர் அன்று இழந்த அதே தொகையை, மெசேஜோடு வந்த நம்பருக்கு ஒரு கும்பிடு பொம்மையோடு அனுப்பி வைத்தேன். பஸ் பாலத்தை விட்டு இறங்குவதற்குள் சுமதி போனில் கத்தினாள். மாமாவோட வாட்ஸ்அப்பை எவனோ பிடிச்சுட்டான், பணம் கேட்டா அனுப்பிடாதக்கா.

இறங்கி, எதிர்ப் பக்கம் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்தேன். அதே ஸ்டேஷன், வெளுத்துப் போன அதே போஸ்டர். ரைட்டர் மட்டும் புதுசு. பேனாவைத் திறந்தார்.

"எங்க இருந்தும்மா அனுப்புனீங்க?"

இத்தனை வருஷமாகப் பிள்ளைகளைப் படிப்படியாக எழுத வைத்தவள், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வீட்டுல சார். அடுப்படியில."

பத்து நிமிஷத்தில் ரசீது கொடுத்துவிட்டார்கள்.